உள்பக்கத் தாழ்ப்பாள்

உட்காருங்கள், உட்காருங்கள். இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள், அந்த ஓரத்தில் பெஞ்சுக்குக் கால் ஆடும். கையில் ஃபைலைப் பார்த்தாலே தெரிகிறது, யாரையோ இந்த ஹோமில் சேர்க்க இடம் பார்க்க வந்திருக்கிறீர்கள். மாமியாரா? அம்மாவா. இடுப்பெலும்பா? நினைத்தேன். மேனேஜர் பதினொரு மணிக்குத்தான் வருவார், அதுவரைக்கும் இந்த பெஞ்சுதான். ஃபேன் குளிர்கிறதா? குளிரும். இருங்கள், நிறுத்திவிடுகிறேன். நீங்கள் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை. முகத்தைப் பார்த்தால் போதும்.

எதற்கு இந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றுதானே யோசிக்கிறீர்கள்? உள்ளே என் அக்கா குளித்துக்கொண்டிருக்கிறாள். தனியாக. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்து, பேச்சும் போய், பத்து வாரமான ஆள். அவளை உள்ளே விட்டுவிட்டு என்னை இங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். "கூப்பிட்டா மட்டும் வாங்கம்மா" என்கிறாள் அந்த நர்ஸ். கூப்பிடுவதற்குப் பேச்சு வந்தால்தானே? உள்ளே ஒரு கயிறு தொங்குகிறதாம், இழுத்தால் மணி அடிக்குமாம். வழுக்கி விழுகிறவள் கயிற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டா விழுவாள்? நீங்களே சொல்லுங்கள்.

சொல்ல வேண்டாம், உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

என் பெயர் செண்பகம். அக்கா தில்லைநாயகி. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நாலு வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தவள். அப்பா அங்கே ஃபிட்டர், வேலையில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். வாரிசு வேலை அக்காவுக்குக் கிடைத்தது. அவளுக்கு அப்போது இருபத்தாறு, எனக்குப் பதின்மூன்று. அம்மாவுக்கு ஆஸ்துமா. வீட்டைப் பார்க்க ஒரு ஆள் வேண்டுமே? அக்கா ஆபீசுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டே, "செண்பா, நாளையிலேர்ந்து நீ வீட்டைப் பாத்துக்க" என்றாள். அவ்வளவுதான். எட்டாவதோடு என் படிப்பு முடிந்தது. மறுநாள் எனக்குக் கணக்குப் பரீட்சை. படிக்கிறாயா, நிற்கிறாயா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காமலே நான் நன்றாகத்தான் இருக்கிறேன். எனக்குக் கல்யாணம் செய்து வைத்ததும் அவள்தான், அதிலும் கேட்கவில்லை, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. இந்த ஆளை ஆள் கேட்கிற வியாதி எல்லாம் இப்போது புதிதாக வந்ததுதான்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதல்லவா? கேட்கிறது. சரி.

ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். டாக்டர் வருவார், "நைட்டு தூங்கினாங்களா? சாப்பிட்டாங்களா?" என்று என்னைத்தான் கேட்பார், நான்தான் பதில் சொல்வேன். எந்த ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானே? படுத்திருக்கிறவர் படுத்திருப்பார், கூட இருக்கிறவர் பேசுவார். நான் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை. ஊட்டினேன், துடைத்தேன், டயபர் மாற்றினேன். இடது கையால் ஸ்பூனைப் பிடிக்கப் பார்ப்பாள். சிந்திவிடுவாளே என்று நானே வாங்கிக்கொள்வேன். "ஏண்டி, ஒர்க்‌ஷாப்புல ஆயிரம் பேரை வேலை வாங்கின அம்மா, ஒரு ஸ்பூனைப் பிடிக்கட்டுமே" என்றார் எங்க வீட்டுக்காரர். இவருக்கென்ன, துவைக்கிறவள் நான்.

நைட்டிதான் போட்டுவிட்டேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை தவிர வேறு எதையும் உடுத்தாதவள்தான், யார் இல்லை என்றது? படுக்கையில் கிடக்கிற ஆளுக்குப் புடவை எதற்கு? முடியையும் கிராப்பாக வெட்டச் சொல்லிவிட்டேன். இடுப்பைத் தாண்டித் தொங்குகிற முடி. சிக்குப் பிடிக்கும், பேன் வரும், யார் பார்ப்பது? வெட்டும்போது அவள் கண்ணிலிருந்து தண்ணீராக வழிந்தது. அது பக்கவாதத்தால் வருவது. ஒரு பக்கத்துக் கண் சரியாக மூடாது, அதனால் வழியும். இரண்டு கண்ணிலும் வழிந்தது என்று எங்க வீட்டுக்காரர் சொல்கிறார். அவருக்கு எதையும் சரியாகப் பார்க்கத் தெரியாது.

வீட்டில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஹாலில் நடு இடத்தில் கட்டில், அதன்மேல் வாடகைக்கு எடுத்த காற்று மெத்தை. ஹாலில் போட்டால்தானே சமையலறையிலிருந்து ஒரு கண் வைத்துக்கொள்ளலாம்? பக்கத்திலேயே கமோடு சேர். அவள் எதற்காகவும் எழுந்திருக்கவே வேண்டாம். அப்படி யோசித்து யோசித்துச் செய்தேன். டிஸ்சார்ஜுக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள், பெனிட்டா. ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளராம். இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம்.

"அம்மா, இவங்க இங்கிருந்து எங்க போறாங்க, யார் பாத்துக்கப் போறாங்க, என்னென்ன வேணும்னு எல்லாரும் உக்காந்து ஒரு திட்டம் போடணும்" என்றாள்.

"இதுல உக்காந்து பேச என்ன இருக்கு? என் வீட்டுக்கு வர்றா. நான் பாத்துக்கறேன். எழுதிக்கோ" என்றேன்.

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

எனக்குச் சிரிப்புதான் வந்தது. "அவளுக்குப் பேச்சே வரலை. என்னத்தைக் கேக்கறது?"

"பேச்சு வரலைன்னா விருப்பமும் வராதாம்மா?"

இப்படிக் கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள், சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். ஆனால் அந்த ஒரு கேள்விக்காக அவளை நான் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன்.

மறுநாள் ஒரு சின்ன அறையில் கூட்டம். டாக்டர், உடற்பயிற்சி சொல்லித் தருகிற பையன், பெனிட்டா, நான். அக்காவை வீல் சேரில் கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள். "எங்க போகணும்னு நினைக்கிறீங்கம்மா?" என்று அவள் அக்காவைப் பார்த்துக் கேட்டாள். "எங்க வீட்டுக்குத்தான்" என்றேன். "இங்க உங்களுக்கு எதுவும் கஷ்டமா இருக்கா?" என்றாள். "ஒரு கஷ்டமும் இல்லை, நான்தான் இருக்கேனே" என்றேன். உடனே பெனிட்டா பேனாவைக் கீழே வைத்தாள். "செண்பகம்மா, ஒரு அஞ்சு நிமிஷம், அஞ்சே நிமிஷம், நீங்க பதில் சொல்லாம இருக்கீங்களா?"

டாக்டர் முன்னால் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னாள். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, இதோ இப்படிக் கையாலேயே பொத்திக்கொண்டேன்.

மூன்று காகிதத்தில் மூன்று படம் வரைந்து வைத்திருந்தாள். ஒன்று என் வீடு. ஒன்று சுப்பிரமணியபுரத்தில் இருக்கிற அக்காவின் வீடு. ஒன்று இந்த ஹோம், பிடித்துக்கொண்டு நடக்கிற கம்பி எல்லாம் போட்டு வரைந்திருந்தாள். அக்கா இடது கையைத் தூக்கினாள். விரல் நேராகத் தன் வீட்டின் மேல் போய் நின்றது.

"கை நடுங்குது அவளுக்கு, இடம் மாறிப் போச்சு" என்றேன். அஞ்சு நிமிஷம் ஆகவில்லைதான். எப்படி இருக்க முடியும்? பெனிட்டா படங்களை இடம் மாற்றி வைத்தாள். மறுபடியும் அதே வீடு. இன்னொரு தடவை மாற்றினாள். அதே வீடு. சீட்டாட்டம் மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் யாருக்குத்தான் குழம்பாது? ஆனால் அவள் குழம்பவில்லை, அதுதான் எனக்குப் புரியவில்லை.

டாக்டர் இப்போது தனியாக இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அப்போது பெனிட்டா குனிந்து, "நேரா அங்க போனா விழுந்துடுவீங்கம்மா. முதல்ல இந்த ஹோம்ல ரெண்டு மூணு மாசம் இருந்து நடக்கப் பழகிக்கிட்டு, அப்புறம் உங்க வீட்டுக்குப் போகலாமா?" என்றாள். அக்கா அந்த ஹோம் படத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள். எடுக்கவே இல்லை. என் வீட்டுப் படம் மேசை ஓரத்தில் கிடந்தது. வாசலில் பூச்செடிகூட வரைந்திருந்தாள் அந்தப் பெண். எங்கள் வாசலில் செடியே கிடையாது.

அதோடு விட்டார்களா? "உங்களுக்கு ரொம்ப முக்கியமானது எது? இது மட்டும் எனக்கு வேணும்னா, எது?" என்று கேட்டு, பென்சிலை இடது கையில் கொடுத்தாள். அக்கா கோணல் மாணலாக நீளமாக ஒரு கட்டம் போட்டாள்.

"பீரோ!" என்றேன். "பீரோ சாவி என்கிட்ட பத்திரமா இருக்குக்கா, கவலைப்படாதே."

இல்லை என்று தலையாட்டினாள். "ஃப்ரிட்ஜா?" என்றான் அந்தப் பையன். அதற்கும் இல்லை. கட்டத்துக்குள் ஓரமாக ஒரு சின்னக் கோடு இழுத்தாள். அதன் மேலேயே திரும்பத் திரும்பத் தேய்த்தாள், பென்சில் முனை ஒடிகிற வரைக்கும்.

பெனிட்டா காகிதத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இது கதவா? இது தாழ்ப்பாளா?" என்றாள். "குளிக்கப் போனா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கணும். உள்ள நீங்க மட்டும்தான் இருக்கணும். அதுவாம்மா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டு "ம்" என்றாள். அவளுக்கு வந்ததே அந்த ஒரு சத்தம்தான்.

யாருக்கு எதிராகத் தாழ்ப்பாள்? நீங்கள் சொல்லுங்கள். நான் என்ன திருடியா? என் கூடப் பிறந்தவள். அவள் உடம்பில் எனக்குத் தெரியாத மச்சம் கிடையாது, இந்த மூன்று வாரத்தில் எல்லாம் பார்த்தாயிற்று. இனி என்ன மறைக்க இருக்கிறது?

நான் விடவில்லை. "என் வீட்டை வந்து பாரு, பாத்துட்டு அப்புறம் பேசு" என்று பெனிட்டாவைக் கூப்பிட்டேன். வந்தாள், டேப்பை எடுத்துக்கொண்டு. காற்று மெத்தையைப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்றாள். நேராகக் குளியலறைக்குப் போனாள். ஒரு படி ஏற வேண்டும், எழுதிக்கொண்டாள். வாக்கர் நுழையாது, எழுதிக்கொண்டாள். அப்புறம் கதவின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். நாலு ஆணி ஓட்டைதான் இருந்தது.

"தாழ்ப்பாள் எங்கம்மா?"

"நான்தான் கழட்டச் சொன்னேன். இவ உள்ள போய்ப் பூட்டிக்கிட்டா யார் கதவை உடைக்கிறது? போன வாரமே ஆசாரியை வரவழைச்சு எடுத்தாச்சு."

அவள் பேனாவைத் திறந்தாள். எழுதினாள். "இதை எழுதாதே" என்றேன். எழுதிவிட்டாள். முன்ஜாக்கிரதையாக ஒரு காரியம் செய்தால் அதற்குப் பெயர் குற்றமா? எங்க வீட்டுக்காரர் வேறு அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தார். உனக்கு வேணுமா என்று என்னைக் கேட்டு ஒரு நாள் டீ போட்டவர் இல்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கையெழுத்து. பேசாத நோயாளி என்று கவுன்டரில் இருந்தவர் மை டப்பாவை நீட்டினார். அக்கா தள்ளிவிட்டாள். பேனாவைக் கேட்டு வாங்கி, அதாவது கையை நீட்டி வாங்கி, இடது கையால் எழுதத் தொடங்கினாள். ஒரு எழுத்து போடுகிறாள், மூச்சு வாங்குகிறாள், அடுத்த எழுத்து. பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். "குடுக்கா, நான் போடறேன்" என்றேன். முழங்கையால் என்னை ஒரு இடி இடித்தாள் பாருங்கள், இங்கே, விலாவில். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அப்படித்தான் இங்கே வந்து சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் எல்லாரும் என்ன கேட்கிறார்கள் தெரியுமா? "தங்கச்சி கல்லு மாதிரி இருக்கும்போது அக்காளை ஹோம்ல விட்டுட்டாங்களாமே." நான் விடவில்லை, அவளே போனாள் என்று சொன்னால் யார் நம்புகிறார்கள்? தினமும் ரெண்டு பஸ் மாறி வருகிறேன், ஏழு வாரமாக. ரசம் சாதம் கொண்டு வந்தால், இங்கே அவள் கையிலேயே சாப்பிட விடுகிறார்கள். பாதி மடியில். ஒருத்தரும் துடைத்துவிடுவதில்லை! அவளே துடைத்துக்கொள்ள வேண்டுமாம். அந்தப் பெனிட்டா ஆஸ்பத்திரிப் பெண்தானே, வேலை முடிந்ததல்லவா? இல்லை, இங்கேயும் வந்து போகிறாள். கொசுவத்தை வைத்துத் தைத்து, இடுப்பில் ஒட்டிக்கொள்கிற மாதிரி புடவை தைத்துக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். ஒரு கையாலேயே கட்டிக்கொள்ளலாமாம். என்னிடம் மெஷின் இருக்கிறது, நான் தைத்திருக்க மாட்டேனா? எனக்குத் தோன்றவில்லை என்று இல்லை. யாரும் சொல்லவில்லை.

திட்டக் காகிதத்தில் மூன்று எழுதியிருக்கிறது, அதோ அவள் கட்டில் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். தானாகக் கட்டிலிலிருந்து எழுந்திருக்க வேண்டும். அது நாலாவது வாரம் ஆயிற்று. வாக்கரைப் பிடித்துக் குளியலறை வரைக்கும் நடக்க வேண்டும். அது போன வாரம். மூன்றாவது, தனியாகக் குளித்து உடுத்திக்கொண்டு வெளியே வர வேண்டும். அதுதான் இன்றைக்கு. இது நடந்துவிட்டால் மாசக் கடைசியில் அவள் வீட்டுக்கு அவள் போய்விடுவாள், காலையில் ஒரு ஆள் வந்து உதவிவிட்டுப் போகும். நடக்காவிட்டால் என் வீடு.

அப்படிப் பார்க்காதீர்கள். அவள் விழட்டும் என்று நான் நினைப்பேனா? காலையில் சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டுதான் பஸ் ஏறினேன். காற்று மெத்தையை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் உங்களுக்குச் சொல்வது ஒன்றுதான். உங்கள் அம்மாவிடம் மட்டும் யாரையும் எதையும் கேட்க விடாதீர்கள். கேட்டால் போச்சு. என்ன? நீங்களே கேட்டுவிட்டீர்களா? இந்த இடம் வேண்டும் என்று அவரே சொன்னாரா? ம். அப்படியென்றால் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. நல்ல இடம்தான். சாம்பாரில் உப்பு கொஞ்சம் கம்மி.

இருங்கள்.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. நின்றுதானே போயிருக்கிறது? உங்களுக்குக் கேட்கிறதா? எனக்குக் கேட்கவில்லை. சோப்பு போடுகிறாளோ என்னவோ. ஒரு கையை வைத்துக்கொண்டு முதுகுக்கு எப்படிப் போடுவாள்? நேற்றுவரைக்கும் அந்த ஆயாதான் தேய்த்துவிட்டாள். எத்தனை நிமிஷம் ஆயிற்று? வாட்ச் கட்டியிருக்கிறீர்களே, பாருங்கள். பதினேழா?

ஏதோ விழுந்தது! உங்கள் காதிலும் விழுந்ததல்லவா? டொம்மென்று! நான் போகிறேன், என் கையை விடுங்கள்.

"அக்கா! அக்கா, விழுந்தது நீயா, சொம்பா? தட்டறேன் பாரு, திருப்பித் தட்டு! நர்சம்மா, இங்க வாங்க! என்னது, பொறுமையா இருக்கணுமா? மணி அடிக்கலைன்னா? மயக்கம் போட்டுக் கிடக்கிறவ மணி அடிப்பாளா? அக்கா, தாழ்ப்பாளைத் திற, நான் உள்ள வரேன்! திறக்கறியா, இல்லை கதவை உடைக்கவா?"

கேட்டீர்களா?

இல்லை, நிஜமாகவே கேட்டீர்களா? நீங்கள் சாட்சி. நர்சம்மா, நீங்களும் சாட்சி. 'போடி' என்றாள். உள்ளே இருந்து. போ கொஞ்சம் இழுத்தது, டி சுத்தமாக விழுந்தது. போடி! பத்து வாரம். படம் காட்டினார்கள், பாடச் சொன்னார்கள், நாக்கை நீட்டச் சொன்னார்கள். என் பெயரை ஒரு தடவை சொல்லு, ஒரே ஒரு தடவை சொல்லுக்கா என்று நான் எத்தனை நாள் கெஞ்சியிருக்கிறேன். ஒரு சொல் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது பாருங்கள். எனக்குத்தான் கொடுத்தாள். டாக்டருக்குக் கொடுத்தாளா? அந்தப் பெனிட்டாவுக்குக் கொடுத்தாளா?

இல்லை, நான் அழவில்லை. எதற்கு அழ வேண்டும்?

மறுபடியும் ஊற்றுகிறாள். கேட்கிறது பாருங்கள், இடது கையால் நிதானமாக ஊற்றுகிறாள்.

போ என்றால் போய்விடுவேனா நான்? அவள் சொன்னதற்கெல்லாம் நாற்பது வருஷம் தலையாட்டியிருக்கிறேன். இதற்கு ஆட்ட மாட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் இருந்துகொள்ளட்டும். இந்தப் பக்கம் யாருடையது? கொஞ்சம் தள்ளி உட்காருங்கள், நானும் உட்கார்ந்துகொள்கிறேன்.

"அக்கா! நான் போக மாட்டேன்! இங்க வெளியிலதான் உக்காந்திருக்கேன்! உள்ள வரலை, கதவைத் தட்டலை! நீ மெதுவாவே குளி!"